இலக்குச் சுடும் போட்டிக்கு எந்த பைபாட் வாங்குவது?

கேள்வி இதுதான்: 308 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்றை வைத்துக்கொண்டு நீள்தூர இலக்குச் சுடும் போட்டிகளில் இறங்க விரும்பும் ஒருவர், தம்மிடம் ஏற்கெனவே உள்ள, வேட்டைக்கென்று வாங்கிய குறுகிய மடக்குக்கால் பைபாட் (ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக்கால் தாங்கி) போதுமா, அல்லது போட்டியாளர்கள் வைத்திருக்கும் அகலமான, விலை கூடிய ஒன்றைத்தான் வாங்க வேண்டுமா, வாங்கினால் ரப்பர் பாதமா சறுக்குப் பாதமா என்று கேட்டிருக்கிறார். எந்த நிறுவனத்தின் பொருள் என்பதற்கு முன், எந்தப் போட்டி என்பதையும், குண்டு குழலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் பைபாட் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால், தேர்வு பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடும்.

முதலில் விதிகள். ஒலிம்பிக்கில் இடம்பெறும் ரைஃபிள் பிரிவுகளை நடத்தும் பன்னாட்டு அமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதிகளில் பைபாடுக்கு இடமே இல்லை. குப்புறப் படுத்துச் சுடும் நிலையில்கூட கையும் தோல்வாரும்தான் தாங்கல். பைபாட் முழு உரிமையோடு பங்குபெறும் களம் எஃப்-கிளாஸ் என்ற, குப்புறப் படுத்துத் தாங்கியின் மீது ரைஃபிளை வைத்துச் சுடும் நீள்தூரப் பிரிவு. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவார்சன் தொடங்கிவைத்த பிரிவு என்பதால் அவர் பெயரின் முதலெழுத்தே இதற்குப் பெயராயிற்று. இதற்குள் இரண்டு கிளைகள் உண்டு. எஃப்-ஓபன் பிரிவில் முன்பக்கம் தனியாக நிற்கும் கனமான தாங்கியையே வைத்துக்கொள்ளலாம், ரைஃபிளின் எடை 10 கிலோ வரை இருக்கலாம். எஃப்-டிஆர் பிரிவில் 223 ரெமிங்டன், 308 வின்செஸ்டர் என்ற இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே அனுமதி. முன்னால் பைபாட், பின்னால் மணல் பை. ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பைபாடும் சேர்த்து மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. கையில் இருப்பது 308 என்பதால் கேட்டவருக்கு உரிய இடம் எஃப்-டிஆர்தான் என்று எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை அதைப் பற்றியே எழுதுகிறேன். தடுப்புகள் மீதும் கூரைச் சாய்வுகள் மீதும் ரைஃபிளை மாற்றி மாற்றி வைத்துச் சுடும் பிஆர்எஸ் வகைப் போட்டிகளுக்குத் தேவைப்படும் பைபாட் முற்றிலும் வேறு. அதைப் பின்னால் தொட்டுச் செல்கிறேன்.

பைபாட் என்றால் ரைஃபிளை அசையாமல் பிடித்து நிறுத்தும் கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தில்தான் தவறான பைபாடைப் பலரும் வாங்குகிறார்கள். டிரிக்கரை அழுத்திய பிறகு ரைஃபிளை எந்தக் கருவியாலும் அசையாமல் நிறுத்த முடியாது. 13 கிராம் எடையுள்ள குண்டு 70 சென்டிமீட்டர் நீளக் குழலில் முன்னோக்கி ஓடும்போது, 8.25 கிலோ ரைஃபிள் அதற்கு ஈடாகப் பின்னோக்கி நகர்ந்தே தீரும். எடைகளின் விகிதத்தையும், எரியும் வெடிமருந்தின் நிறையையும் வைத்துக் கணக்கிட்டால், குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும் நேரத்தில் ரைஃபிள் சற்றேறக்குறைய 1.2 மில்லிமீட்டர் பின்னுக்கு வந்திருக்கும். அதாவது, குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே ரைஃபிள் பைபாடின் மீதும் பின்பையின் மீதும் ஒரு சிறு பயணம் போய்விடுகிறது. அந்த ஒரு மில்லிமீட்டர்ப் பயணம் எல்லா வெடியிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். பைபாடிடம் நாம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

இதில் எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதை இன்னொரு கணக்கு காட்டும். பைபாடின் பாதத்துக்கும் பின்பைக்கும் இடையே 75 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். பின்பக்கம் அப்படியே இருக்க, முன்பக்கம் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடித் தடிமன் அளவு, மேலேறினால் குழலின் கோணம் ஏறக்குறைய அரை எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) மாறிவிடும். எஃப்-கிளாஸ் இலக்கில் மையத்துக்குள் இருக்கும் எக்ஸ் வளையத்தின் மொத்த விட்டமே அரை எம்ஓஏதான். அமெரிக்க இலக்கில் 1,000 கஜத்தில் 10 புள்ளி வளையம் 10 அங்குலம், எக்ஸ் வளையம் 5 அங்குலம். ஆகவே மூட்டில் இலேசான ஆட்டம், பூட்டில் கண்ணுக்குத் தெரியாத நழுவல், பாதத்துக்கு அடியில் ஒருமுறை அழுந்தி மறுமுறை அழுந்தாத மண் என்பவையெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல. மருந்தை மாற்றி, குண்டை மாற்றி மாதக்கணக்கில் தேடும் செங்குத்துச் சிதறலுக்கு இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது அகலத்துக்கு வருவோம். வேட்டைக்கான மடக்குக்கால் பைபாடைத் தாழ்ந்த உயரத்தில் விரித்தால், இரு பாதங்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். எஃப்-டிஆர் பைபாடுகளில் அது ஒரு முழத்தை எட்டும். இந்த வேறுபாடு இரண்டு இடங்களில் பலன் தருகிறது. ஒன்று, முறுக்கு விசை. வலப்பக்கம் சுழலும் புரியுள்ள குழலில் குண்டு வலஞ்சுழியாகத் திருகப்படும்போது, ரைஃபிள் இடஞ்சுழியாக உருள முயலும். இடது பாதம் அழுந்தும், வலது பாதம் இலேசாகும். கால்கள் நெருக்கமாக இருந்தால் இந்த உருளலைத் தடுக்க நெம்பும் தூரம் போதாது. 308-இல் கனமான குண்டைச் சுடும்போது குறுகிய பைபாட் ஒருபக்கமாகத் துள்ளுவதைப் பக்கத்தில் படுத்திருப்பவர் தெளிவாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, பக்கச் சாய்வு. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் எண்ணோடு சொல்கிறேன். 100 கஜத்தில் நேர்செய்த 308 ரைஃபிளை 1,000 கஜத்துக்கு உயர்த்த ஏறக்குறைய 36 எம்ஓஏ தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், ரைஃபிள் ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தாலும் குண்டு அந்தப் பக்கம் 0.63 எம்ஓஏ விலகும். 1,000 கஜத்தில் அது 16 சென்டிமீட்டருக்கு மேல். 10 புள்ளி வளையத்தின் ஆரம் 12.7 சென்டிமீட்டர்தான் என்பதால், நட்டநடுவில் குறிபார்த்துப் பிழையில்லாமல் சுட்ட குண்டு 9-இல் போய் விழும். சுட்டவர் காற்றைக் குறை சொல்வார். ஒரு பாதம் 5 மில்லிமீட்டர் புதைந்தால், சாண் அகல பைபாடில் சாய்வு 1.3 டிகிரி; முழ அகலத்தில் அதில் பாதிதான். அகலமான பைபாடுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான நியாயம் என்பது என் கருத்து. எந்த பைபாட் வாங்கினாலும் ஸ்கோப்பின் அருகே, கன்னத்தை எடுக்காமலே கண்ணில் படும் இடத்தில், சிறிய ரசமட்டம் ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும். சாய்வைச் சரிசெய்தபின் இறுக்கிப் பூட்டும் திருகோ நெம்புகோலோ பைபாடில் இருக்க வேண்டும். இறுக்க வழியில்லாமல் தளர்வாக ஆடும் தலை போட்டிக்கு உதவாது.

பாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ரப்பர் பாதமும் கூர்முள் பாதமும் தரையைப் பற்றிக்கொள்ளும் குடும்பம். அவற்றோடு சுடுகிறவர் தோளால் ரைஃபிளை முன்னோக்கி அழுத்தி, கால்களின் ஆட்டத்தை எல்லாம் ஒருபக்கமாக ஒதுக்கி, அந்த அழுத்தத்தோடு டிரிக்கரை இழுக்கிறார். இது நல்ல முறைதான். நல்ல பிடிப்பு உள்ள தரையில் குண்டு எங்கே விழுகிறது என்பதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிகிற அளவுக்கு ரைஃபிள் அடங்கி நிற்கும். ஆனால் அந்த அழுத்தம் இருபது வெடியிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பத்தாவது வெடிக்குப் பிறகு தோள் களைத்து அழுத்தம் குறைந்தால், இலக்கில் குண்டு விழும் இடங்கள் மேலும் கீழுமாகச் சிதறத் தொடங்கும். வெறும் கான்கிரீட்டில் ரப்பர் பாதம் துள்ளும் என்பதும் உண்மை. அங்கே தடித்த விரிப்பு ஒன்றைப் போடாமல் சுடக் கூடாது.

சறுக்குப் பாதம் எதிர்த்திசையில் சிந்திக்கிறது. பனியில் சறுக்கும் பலகையைப் போல முனை வளைந்த இரண்டு நீளப் பாதங்கள், ஒரு விரிப்பின் மீது, ரைஃபிளைத் தடையில்லாமல் நேர் பின்னாக நழுவவிடுகின்றன. சுடுகிறவர் ரைஃபிளைத் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. தோள் இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது தொடாமலே இருக்கும். மனிதனின் அழுத்தம் என்ற மாறிக்கொண்டே இருக்கும் அம்சத்தை இது பெருமளவு நீக்கிவிடுகிறது. பொறுமையான, ஒழுங்கான சுடுநருக்கு இதுவே மேல் என்று நான் கருதுகிறேன். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு பாதங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவும், குழலுக்கு இணையாகவும் இருந்தாக வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. தோட்டா இல்லாத ரைஃபிளை இலக்கை நோக்கி நிறுத்தி, ஸ்கோப்பின் வழியே பார்த்துக்கொண்டே, பின்கட்டையைப் பிடித்து ரைஃபிளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ளுங்கள். குறுக்குக் கம்பி இலக்கின் மீது நேர் செங்குத்தாக ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் பாதங்கள் சரி. கம்பி மூலைவாட்டில் சரிந்து போனால், ஒரு பாதம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கிறது, அல்லது பின்பையின் காதுகள் (பின்கட்டையை இருபுறமும் அணைக்கும் மேடுகள்) குழலின் நேரில் இல்லை. ஒவ்வொரு போட்டியிலும் தோட்டாவை எடுப்பதற்கு முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் நான் தொடங்குவதில்லை.

விரிப்பையும் மறக்கக் கூடாது. சறுக்குப் பாதத்துக்கு அடியில் இருக்கும் விரிப்பு சுருங்கினாலோ, ஒருபக்கம் மடிந்தாலோ எல்லாம் வீண். தட்டையான பலகையோ விரிப்போ வைப்பதற்கு விதிகள் பொதுவாக இடம் தருகின்றன. ஆனால் பாதத்தை வழிநடத்தும் பள்ளமோ தடமோ வெட்டிய பலகையை அனுமதிப்பதில்லை. பின்பையும் முன்தாங்கியும் ஒன்றோடொன்று இணைந்திருக்கக் கூடாது. எஃப்-டிஆரில் பின்பக்கம் திருகி உயர்த்தும் இயந்திர அமைப்புக்கும் இடமில்லை. உங்கள் போட்டியை நடத்தும் அமைப்பின் விதிநூலில் இந்தப் பகுதியை வாங்குவதற்கு முன் ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள்.

உயரத்தை மாற்றும் முறைகள் மூன்று. குறிப்பிட்ட பள்ளங்களில் கால்கள் நிற்கும் பைபாட், மையத் திருகாலோ சக்கரத்தாலோ ஏறி இறங்கும் பைபாட், பின்னோக்கி நீளும் ஒரு கைக்கோலை அசைத்தால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும் பைபாட். மூன்றாவது வகைக்கு இந்தோனேசியாவின் செப் நிறுவனத்தின் ஜாய்-பாட் நல்ல உதாரணம். பள்ளங்களில் நிற்கும் வகையில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குறி இருந்துவிட்டால், மீதியைப் பின்பையைக் கசக்கித்தான் சரிசெய்ய வேண்டும். கசக்கிய பை மெல்ல விரியும்போது குறியும் மெல்ல நகரும். திருகு வகை நுணுக்கமானது, உறுதியானது, ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கையை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும். இருவர் மாறி மாறிச் சுடும் முறையில் ஒரு வெடிக்கு 45 வினாடிதான் கிடைக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், கைக்கோலின் அருமை விளங்கும்: காற்று ஒரு நிலையில் நிற்கும்போதே குறியைக் கொண்டுவந்து சுட்டுவிடலாம். அதற்கு ஈடாக அசையும் பாகங்கள் கூடுகின்றன. கைக்கோலின் இறுக்கத்தைச் சரியாக வைக்காவிட்டால், கையை எடுத்ததும் குறி கொஞ்சம் கீழே இறங்கும்.

இறங்கும் குறியால் நானே ஒரு பருவத்தை இழந்திருக்கிறேன். அப்போது வைத்திருந்த பைபாடில் ஒரு காலின் பூட்டு, வெடிக்கு வெடி இம்மியளவு நழுவிக்கொண்டிருந்தது. குறி தானாகக் கீழிறங்குவதை நான் உணராமல், ஒவ்வொரு முறையும் தோளாலும் கன்னத்தாலும் ரைஃபிளை மேலே தாங்கிப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். தாங்கும் அளவு மாற மாற, குண்டு விழும் இடமும் மாறியது. மருந்தின் எடையைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்து ஓய்ந்த பிறகு, ஒரு நண்பர் உள்கால் வெளிக்காலுக்குள் நுழையும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். இருபது வெடிக்குப் பின் அந்தக் கோடு உள்ளே போய் மறைந்திருந்தது. புதிய பைபாடானாலும், பழையதானாலும் இந்தப் பென்சில் கோட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள்.

பொருத்தும் இடம் அடுத்தது. தோல்வார் மாட்டும் ஒற்றைத் திருகுக் குமிழில் மாட்டும் பைபாட் வேட்டைக்குப் போதும். போட்டியில் அந்தக் குமிழ் மரத்துக்குள்ளேயே திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிகாட்டினி, ஆர்கா, அல்லது இலக்கு ரைஃபிள்களில் இருக்கும் அன்ஷூட்ஸ் வகைத் தடம் என்று ஏதாவது ஒரு முழுநீளத் தடத்தில் கவ்வும் பைபாடைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு முன்னால் பொருத்துகிறோமோ அவ்வளவு நல்லது, ஏனெனில் இரு தாங்கல்களுக்கும் இடையிலான தூரம் கூடக்கூட, முன்பக்கத்தின் ஒரே அளவு அசைவு குறைந்த கோணத்தையே தரும். ஆனால் மெலிந்த பிளாஸ்டிக் முன்கட்டை வளைந்து, தனித்து நிற்க வேண்டிய குழலைத் தொட்டுவிடக் கூடாது. பைபாடின் மீது வழக்கம்போல் அழுத்திப் படுத்துக்கொண்டு, குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து இழுக்கச் சொல்லுங்கள். தாள் எங்காவது சிக்கினால், முதலில் மாற்ற வேண்டியது கட்டையைத்தான், பைபாடை அல்ல. கூடவே, குழல் பைபாடின் மூட்டுக்கு எவ்வளவு நெருக்கமாகத் தாழ்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். உயரத்தில் நின்று ஆடும் ரைஃபிளைவிடத் தாழ்ந்து தொங்குவது போல அமரும் ரைஃபிள் அதிகம் அடங்கும்.

எடையை வாங்கும்போதே தராசில் வைத்துக் கணக்கிட வேண்டும். 8.25 கிலோவில் ஸ்கோப், ரசமட்டம், பைபாட் எல்லாம் அடக்கம். பைபாடில் மிச்சப்படும் ஒவ்வொரு 100 கிராமும் குழலின் கனத்துக்குப் போகலாம். எடை முன்பக்கம் குழலில் இருப்பது, துள்ளலை அடக்க உதவும். இலேசாக்க வேண்டும் என்பதற்காக, தோளால் தள்ளும்போது கால்கள் வில்லாக வளையும் பைபாடை வாங்கிவிடவும் கூடாது. வளைந்த கால் விடுபடும்போது ரைஃபிளைத் தள்ளும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் மாறும்.

பிஆர்எஸ் வகைக்கு வந்தால், இந்த அகலமும் நீளப் பாதமும் சுமையாகிவிடும். அங்கே ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள் பல இடங்களில் ரைஃபிளை வைத்து எடுக்க வேண்டும். ஆர்கா தடத்தில் ஒரு நெம்புகோலால் முன்பின் நகர்த்த முடிவது, கால்களை முன்னும் பின்னும் 45 டிகிரியில் நிறுத்த முடிவது, கையுறையோடும் ஒரே அழுத்தில் நீட்ட முடிவது ஆகியவையே முக்கியம். அட்லஸ், எம்டிடியின் ஸ்கை-பாட் போன்றவை இதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஹாரிஸ் நிறுவனத்தின் 6 முதல் 9 அங்குலம் வரை நீளும், பக்கவாட்டில் சாயும் மாதிரி எளிமையானது, ஆண்டுக்கணக்கில் உழைப்பது. ஆனால் அதன் கால்கள் முன்பக்கம் மட்டுமே மடங்கும்.

கேட்டவரின் நிலைக்குத் திரும்புகிறேன். முதல் சில போட்டிகளுக்கு உங்களிடம் உள்ள குறுகிய பைபாடையே கொண்டு செல்லுங்கள். அதன் சாய்வுத் தலையை இறுக்கும் நெம்புகோலை மட்டும் மாட்டிக்கொண்டு, அடியில் உறுதியான விரிப்பைப் போடுங்கள். 300 கஜத்தில் காற்றையும் டிரிக்கரையும் கற்றுக்கொள்ள அது தடையாக இருக்காது. 600 கஜத்தைத் தாண்டித் தொடர்ந்து சுடப் போகிறீர்கள் என்பது உறுதியானதும், முழ அகலமுள்ள, மையத் திருகால் உயரும், சறுக்குப் பாதத்தையும் கூர்முள்ளையும் மாற்றி மாட்டக்கூடிய பைபாடை வாங்குங்கள். புல்தரை ஈரமாக இருக்கும் ரேஞ்சில் கூர்முள் கைகொடுக்கும், சமதளத்தில் சறுக்குப் பாதம். கைக்கோல் வகையை, சக போட்டியாளர் ஒருவரிடம் இரவல் கேட்டு, குறைந்தது இருபது வெடியாவது சுட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள். அது சிலரின் கைக்கு உடனே பழகும், சிலரின் கைக்குப் பழகவே பழகாது.

எதை வாங்கினாலும் பின்பைக்கும் அதே கவனம் கொடுங்கள். பின்கட்டையின் அடிவிளிம்பு குழலுக்கு இணையாக இல்லாமல் சரிவாக இருந்தால், ரைஃபிள் பின்னால் நழுவும் அந்த ஒரு மில்லிமீட்டரிலேயே பின்முனை உயரவோ தாழவோ செய்யும். 4 டிகிரிச் சரிவுக்கு அது 0.08 மில்லிமீட்டர். முன்பக்கம் ஒரு தலைமுடி அளவுக்குக் கணக்குப் பார்த்து வாங்கிய பைபாடின் பலனை, பின்பக்கம் அதே தலைமுடி அளவு எடுத்துக்கொண்டுவிடும். அடிவிளிம்பில் இணையான ஒரு தடத்தைப் பொருத்தி, பையில் கனமான மணலை அசையாதபடி இறுக நிரப்பி, மேலே சொன்ன முன்பின் நகர்த்தும் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். குறுக்குக் கம்பியின் ஏற்ற இறக்கம் முன்பைவிடக் குறைந்திருப்பது ஸ்கோப்பிலேயே தெரியும்.